பதினஞ்சாயிரத்துக்கு லெதர் ஜாக்கெட்: நாகர்கோவில் வெயிலுக்கு வாங்கலாமா?

முதல்லயே என் முடிவைச் சொல்லிடுறேன், காரணத்துக்கு அப்புறம் வருவோம். குமரி மாவட்டத்துல வண்டி ஓட்டுற, மாசச் சம்பளம் வாங்குற ஒருத்தரோட முதல் ரைடிங் ஜாக்கெட் லெதரா இருக்கக் கூடாது. ரெண்டாவதா வாங்குங்க, தாராளமா. அப்படி வாங்கும்போது பதினஞ்சாயிரத்துக்கு என்னென்ன கிடைக்கணும்னும் கீழே விவரமா எழுதியிருக்கேன். ஆனா முதல் பதினஞ்சாயிரம் வேற இடத்துக்குப் போகணும்.

2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் உள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சுது. வண்டி எடுத்தவங்க கையில கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சம் அடுத்து எங்க போகும்னு உங்களுக்கே தெரியும். ஆயில் மாத்துற முன்னாடியே கருப்பு லெதர் ஜாக்கெட்டைத் தேட ஆரம்பிச்சுடுவோம். தப்பில்ல, ஆசைதானே. ஆனா இது நாலு வருஷம் உங்க தோலைக் காப்பாத்தப்போற செலவா, இல்ல பீரோவுல தொங்கப்போற செலவாங்கிறதை வாங்கும்போதே முடிவு பண்ணிடலாம்.

இது எதுக்கு பைனான்ஸ் விஷயம்?

ஒரு சின்ன கணக்கு. கையில வர்ற சம்பளம் 30,000. டாரஸ் லாரி சிந்திட்டுப் போன எம்-சாண்ட் மேல முன் டயர் வழுக்குது. நம்ம மாவட்டத்துல இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. எலும்பு முறியல, ஆனா முழங்கை, தோள்பட்டை, உள்ளங்கைத் தோல் போயிடுச்சு. இருபது நாள் வேலைக்குப் போக முடியாது.

இப்ப உங்க பாதுகாப்பு என்னென்னன்னு பாருங்க. வண்டிக்கு எடுத்த தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ்ல உங்க காயத்துக்கு ஒரு பைசா வராது. 2018-ல 15 லட்சமா உயர்த்தின கட்டாய தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கு. அது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். தோல் உரிஞ்சதுக்கு அதுல எதுவும் கிடையாது. ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருந்தா ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துக்கும், சம்பளத்தைத் தராது. இஎஸ்ஐ இருந்தா உடம்பு சரியில்லாத நாளுக்கு 70 சதவீதச் சம்பளம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். ஆனா அது மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் இருக்கிறவங்களுக்கு. அதைத் தாண்டின உங்களுக்கு, லீவு தீர்ந்ததும் லாஸ் ஆஃப் பே. இருபது நாள்னா 20,000 ரூபாய் போச்சு. வண்டி ஈஎம்ஐ, ரூம் வாடகை, வீட்டுக்கு அனுப்புற காசு எதுவும் உங்க முழங்கை ஆறுற வரைக்கும் காத்திருக்காது.

அதனால ரைடிங் ஜாக்கெட்டை நான் ஒரே தவணையில பிரீமியம் கட்டுற பாலிசியாத்தான் பார்க்கிறேன். இதுல ஒரு கண்டிஷன் இருக்கு: உடம்புல இருக்கிற நாள்ல மட்டும்தான் பாலிசி அமல்ல இருக்கும். லெதருக்கும் நம்ம ஊருக்கும் ஒத்துப்போகாத இடம் இதுதான்.

வடசேரி சிக்னல்ல நிக்குற லெதர்

லெதர் ஜாக்கெட் பிறந்தது குளிர் ஊர்ல. ஜிப் வெச்ச கருப்பு மோட்டார்சைக்கிள் ஜாக்கெட், அந்த 'பெர்ஃபெக்டோ', 1928-ல நியூயார்க்ல இர்விங் ஷாட் தைச்சது. விலை அஞ்சரை டாலர். காத்தும் பனியும் உள்ள நுழையாம இருக்கணும்ங்கிறது அங்க முக்கியமான தேவை. நமக்கு நேர் எதிர். காத்து உள்ள வரணும்.

ஏப்ரல் மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெண்டரை கிலோ லெதரோட நின்னு பாருங்க. 'எங்களோடது பெர்ஃபொரேட்டட், ஓட்டை இருக்கு'ம்பாங்க. வண்டி ஓடும்போது அந்த ஓட்டை வேலை செய்யும். மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில பஸ்ஸுக்குப் பின்னால மாட்டிக்கிட்டு நிக்கும்போது ஓட்டை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. வெயில் மட்டும்னா கூட சமாளிக்கலாம், நம்ம காத்துல இருக்கிற ஈரம்தான் ஆளைக் கொல்லும். வேர்வை காயாது. மூணாவது நாள், 'பக்கத்துலதானே போறோம்'னு ஜாக்கெட்டை வீட்ல விட்டுட்டுக் கிளம்புவீங்க. அன்னையோட பாலிசி லாப்ஸ்.

அடுத்தது மழை. தமிழ்நாட்டுல பல ஊருக்கு ஒரு மழைக்காலம்தான். நமக்கு ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்குன்னு ரெண்டு. சாதாரண லெதர் வாட்டர்ப்ரூஃப் இல்ல. நனைஞ்சா கனக்கும், காய ரெண்டு மூணு நாள் ஆகும், அவசரப்பட்டு மொட்டை மாடி வெயில்ல போட்டா விறைச்சு வெடிக்கும். ஆடி மாசச் சாரல்ல மூடின பீரோவுக்குள்ள இருந்தா பச்சையா பூசணம் பிடிக்கும். உங்க வீட்டு லெதர் பெல்ட்டை எடுத்துப் பாருங்க, தெரிஞ்சுடும்.

காசுக் கணக்காவும் பார்த்துடுவோம். ஆர்மர் வெச்ச ஒரு மெஷ் ஜாக்கெட், 8,000 ரூபாய். தக்கலையில இருந்து தினமும் நாகர்கோவில் வேலைக்கு வர்றவர் வருஷத்துக்கு 200 நாள் போட்டா, நாலு வருஷத்துல 800 நாள். நாளுக்கு பத்து ரூபாய், ஒரு டீக்கும் கம்மி. லெதர் 15,000. மூணாறு, கொடைக்கானல், பொன்முடின்னு வருஷத்துக்கு 12 நாள் போடுவீங்கன்னு வைங்க. நல்லா பார்த்துக்கிட்டா பத்து வருஷம் உழைக்கும், அப்பவும் 120 நாள்தான். நாளுக்கு 125 ரூபாய். தரம் நல்லா இருந்தும், போடுற நாள் கம்மியா இருக்கிறதால அதோட விலை ஏறுது.

'உரசல் தாங்குறதுல லெதரை அடிச்சுக்க முடியாது'ன்னு சொல்வாங்க. உண்மைதான். நல்ல மாட்டுத்தோல் தார் ரோட்டுல தேய்றதை சாதாரண மெஷ் துணியை விட ரொம்ப நேரம் தாங்கும். ஆனா தோள்லயும் முழங்கையிலயும் கெட்டித் துணி வெச்சுத் தைச்ச மெஷ், நாற்பது அம்பது வேகத்துல விழற ஆளுக்கு, வீட்ல தொங்குற லெதரை விட எவ்வளவோ மேல்.

இதுக்கு ஒரு ஆய்வு இருக்கு. ஆஸ்திரேலியாவுல விபத்துல சிக்கின 212 ரைடர்களை வெச்சு செஞ்சது, 2011-ல வெளியாச்சு. ரைடிங் ஜாக்கெட் போட்டவங்க ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகுற வாய்ப்பு 21 சதவீதம் குறைஞ்சிருந்தது. ரைடிங் பேன்ட்டுக்கு 51. கிளவுஸுக்கு 59! விழும்போது கை தன்னால முன்னாடி நீளுதே, அதை நினைச்சுப் பாருங்க. இன்னொரு விஷயம், அந்த விபத்துகள்ல பத்துல மூணு ஜாக்கெட் கிழிஞ்சோ பிரிஞ்சோ போயிருந்தது. 'ரைடிங் ஜாக்கெட்'னு பேர் போட்டு வித்த ஜாக்கெட்டுகள்தான் அதுவும்.

ஆகவே முதல் பதினஞ்சாயிரத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: மெஷ் ஜாக்கெட் 8,000, முட்டியில கார்டு வெச்ச கிளவுஸ் 2,500, கணுக்காலை மூடுற ஷூ 4,500. ஐஎஸ்ஐ ஹெல்மெட் ஏற்கெனவே இருக்குன்னு நம்பிச் சொல்றேன். இல்லாட்டி இந்தப் பதிவை மூடிட்டு முதல்ல அதை வாங்குங்க, மக்கா.

சரி, அதெல்லாம் இருக்கு. இப்ப லெதர்தான் வேணும்

அப்ப வாங்க, பேசுவோம். லெதர் ஆசையை நான் குறை சொல்லல. விடியக்காலம் நாலரைக்குக் கிளம்பி மலை ஏறுறவங்களுக்கு, கன்னியாகுமரியில ஆரம்பிச்சு காஷ்மீர் வரைக்கும் என்எச் 44-ஐப் பிடிச்சுப் போகணும்னு கனவு இருக்கிறவங்களுக்கு, அதோட உழைப்பும் கதகதப்பும் நிஜமாவே பிரயோஜனம்.

10,000-க்குக் கீழ வாங்காதீங்க. 10,000-ல இருந்து 18,000 வரைக்கும் உள்ளதைத்தான் நான் மிட்-ரேஞ்ச்ங்கிறேன். இந்த ரேஞ்ச்ல ஒரு சிக்கல். ஒரே விலைக்கு ஃபேஷன் ஜாக்கெட்டும் கிடைக்கும், ரைடிங் ஜாக்கெட்டும் கிடைக்கும். போட்டோவுல ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். ரோட்டுல விழும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஹெல்மெட்டுக்கு நம்ம நாட்டுல ஐஎஸ்ஐ கட்டாயம். ஜாக்கெட்டுக்கு அப்படி ஒண்ணும் இல்ல, எதை வேணாலும் 'ரைடிங்'னு எழுதி விக்கலாம். அதனால ஐரோப்பிய லேபிளைத்தான் பார்க்கணும். ஆன்லைன் விளம்பரத்துல 'சிஇ சர்டிஃபைடு'ன்னு பெருசா போட்டிருப்பாங்க. என்ன சர்டிஃபைடு? பல நேரம் உள்ள இருக்கிற ஆர்மருக்கு மட்டும்தான் அந்த முத்திரை. ஜாக்கெட் முழுசுக்கும் உள்ள தரத்தோட பேர் இஎன் 17092. அதுல ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி-ன்னு வகுப்பு. பரிசோதனை மெஷின்ல, அதிகமா அடி வாங்குற பகுதியை ஏஏஏ-வுக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கும், ஏஏ-வுக்கு 70-க்கும், ஏ-வுக்கு 45-க்கும் சமமா தேய்ச்சுப் பார்ப்பாங்க. பி-ங்கிறது ஏ மாதிரியேதான், ஆர்மர் இருக்காது. சி-ங்கிறது ஆர்மரைப் பிடிச்சு வைக்கிற வலை, தேய்மானத்துக்கு உத்தரவாதம் இல்ல. உங்க விலைக்கு ஏஏ லேபிளைத் தேடுங்க. ஜாக்கெட்டுக்குள்ள தைச்ச துணி லேபிள்ல மோட்டார்சைக்கிள் படத்துக்குப் பக்கத்துல அந்த எழுத்து இருக்கும். விலைச்சீட்டுல மட்டும் இருந்தா நம்பாதீங்க.

ஆர்மருக்குத் தனி நம்பர்: தோள், முழங்கைக்கு இஎன் 1621-1, முதுகுக்கு இஎன் 1621-2. லெவல் 1, லெவல் 2-ன்னு இருக்கும். முழங்கை ஆர்மர்ல லெவல் 1 சராசரியா 35 கிலோநியூட்டன் வரைக்கும் விசையை உள்ள விடலாம், லெவல் 2-ன்னா 20 தான். முதுகுப் பாக்கெட்டை மட்டும் கட்டாயம் திறந்து பாருங்க. இந்த விலையில நிறைய ஜாக்கெட்ல அங்க இருக்கிறது வெறும் ஸ்பாஞ்சு. கையால அமுக்கினா பாக்கிங் பெட்டிக்குள்ள வர்ற ஃபோம் மாதிரி இருந்தா அதுதான் அது. நல்ல முதுகு ஆர்மர் தனியா வாங்க ரெண்டாயிரம் மூவாயிரம் ஆகும், அதையும் பட்ஜெட்ல சேர்த்துடுங்க.

இப்ப தோலுக்கு வருவோம். இதுல தமிழ்நாட்டுக்காரங்க நாம ஏமாறவே கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு தோல் பதனிடுற ஊருங்க நம்மகிட்ட இருக்கு. குரோம்பேட்டைங்கிற பேரே குரோம் லெதர் கம்பெனியால வந்தது. 1948-ல இருந்து அடையாறுல மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. இத்தனை இருந்தும் 'ஜெனுயின் லெதர்'ங்கிற ஒரு வார்த்தையைப் பார்த்து மயங்கிடுறோம். அந்த வார்த்தைக்கு 'இது தோல்தான்'ங்கிறதுக்கு மேல அர்த்தம் இல்ல. மேல்தோலை உரிச்சு எடுத்துட்டு மிச்சம் இருக்கிற அடிப்பகுதிக்குப் பேர் ஸ்ப்ளிட். அதுக்குப் பூச்சு அடிச்சு வித்தாலும் ஜெனுயின்தான். மேல்தோலோட இருக்கிற ஃபுல் கிரெயினைக் கேளுங்க. அதுலதான் நார் நெருக்கமா இருக்கும், பலமும் அங்கதான்.

எந்த மிருகத்தோலுங்கிறதும் முக்கியம். தொட்டதும் வெண்ணெய் மாதிரி இருக்கிற செம்மறி நாப்பா, கல்யாண ரிசப்ஷனுக்குப் போட அருமை. ரோட்டுல சீக்கிரம் கிழியும். மாட்டுத்தோல், எருமைத்தோல்னா 1.1-ல இருந்து 1.3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். வெள்ளாட்டுத்தோல் கொஞ்சம் மெல்லிசா இருந்தாலும் பலமா இருக்கும், எடையும் கம்மி. நம்ம ஊருக்கு என் ஓட்டு அதுக்குத்தான், ஆனா கிடைக்கிறது கஷ்டம்.

ரெக்ஸினை லெதர்னு தலையில கட்டுறாங்களான்னு எப்படிப் பார்க்கிறது? வாசனை சாட்சியே இல்ல, அதை அடிச்சு விட முடியும். தீ வெச்சுப் பார்க்கிற வீடியோவை நம்பிக் கடையில லைட்டரை எடுத்துடாதீங்க. ஆர்மர் பாக்கெட்டுக்குள்ளயோ காலருக்கு அடியிலயோ வெட்டின ஓரம் ஒண்ணு தெரியும். அங்க நார் நாரா இருந்தா தோல், துணி நெசவு தெரிஞ்சா பியூ. இந்த பியூ நம்ம ஈரத்துல ரெண்டு மூணு வருஷத்துல செதில் செதிலா உரியும். பழைய ஆபீஸ் சேர்ல பார்த்திருப்பீங்க.

தையலைப் புரட்டிப் பாருங்க. தோள்லயும் முழங்கையிலயும் ஒத்தைத் தையல் மட்டும் ஓடினா வேண்டாம். ரெண்டு மூணு வரிசை இருக்கணும், ஒரு வரிசையாவது உள்ள மறைஞ்சிருக்கணும். தோல் தேயுறதுக்கு முன்னாடி தையல் பிரிஞ்சுதுன்னா எவ்வளவு நல்ல தோலா இருந்தும் வீண். பெரியமேட்டுலயோ ஆம்பூர்லயோ அளவு கொடுத்துத் தைக்கிறதா இருந்தா இதை வாய் விட்டுக் கேளுங்க: நூல் நைலானா, பாலியெஸ்டரா? பருத்தி நூல் நம்ம வேர்வைக்கும் ஈரத்துக்கும் இத்துப் போகும். தோல் விஷயத்துல அவங்களை நம்பலாம், கைவேலையும் சுத்தமா இருக்கும். ஆனா செருப்பும் கோட்டும் தைக்கிற கைக்கு ஆர்மர் பாக்கெட் எங்க உக்காரணும்னு தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. அதை நீங்கதான் சொல்லணும், லேபிளும் கிடைக்காது. அதனால முதல் தடவை லெதர் எடுக்கிறவங்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ஃபிட்டிங் பார்க்க கண்ணாடி முன்னாடி நின்னா போதாது. வண்டியில உக்கார்ற மாதிரி உக்காந்து கையை நீட்டுங்க. இன்னொருத்தரை விட்டு முழங்கை ஆர்மரைப் பிடிச்சுத் திருப்பச் சொல்லுங்க. அது முட்டியை விட்டு நகர்ந்தா சைஸ் பெருசு. கையில நகர்றது ரோட்டுல உரசும்போது இன்னும் நல்லாவே நகரும். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காத்தாடிக் காட்டுக்குள்ள ஆடி மாசம் போயிருந்தா லூஸ் ஜாக்கெட்டோட கஷ்டம் தெரியும், பக்கக் காத்துல பலூன் மாதிரி ஊதி வண்டியையே இழுக்கும். லெதர் போகப் போக உடம்புக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். அதனால வாங்கும்போது லேசா இறுக்கமா இருக்கிறதே சரி. ஆன்லைன்ல வாங்கினா ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள இதையெல்லாம் வீட்லயே செஞ்சு பார்த்துடுங்க.

வெளிநாட்டு பிராண்டு மாடல் எதையாவது பார்த்து வெச்சிருந்தா மோட்டோகேப்னு ஒரு ஆஸ்திரேலியத் தளம் இருக்கு, 2018-ல இருந்து நடக்குது. கம்பெனி சொல்றதைக் கேக்காம அவங்களே ஜாக்கெட்டைக் கடையில வாங்கி, கிழிச்சு, தேய்ச்சு ஸ்டார் கொடுக்கிறாங்க. பாதுகாப்புக்கு ஒரு ஸ்டார், வெக்கையில எவ்வளவு காத்தோட்டம்ங்கிறதுக்கு தனியா ஒரு ஸ்டார். நமக்கு அந்த ரெண்டாவதுதான் ரொம்ப உபயோகம். பார்க்க காசு கிடையாது.

காசு எப்படி கட்டுறது

நோ-காஸ்ட் ஈஎம்ஐ வேண்டாம். வட்டியை கடைக்காரர் டிஸ்கவுண்டா கழிச்சுடுறார், சரி. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க கணக்குல, ப்ராசஸிங் ஃபீஸும் உங்க கணக்குல. தொகை சின்னதுதான். எனக்கு அதை விட உறுத்துறது, ஏற்கெனவே ஓடுற வண்டி ஈஎம்ஐ பக்கத்துல அதே வண்டிக்கு ரெண்டாவது ஈஎம்ஐ. மாசம் 1,500 ஆர்டி போடுங்க, பத்து மாசத்துல 15,000 கையில. அந்தப் பத்து மாசம் மெஷ் ஜாக்கெட்டோட ஓட்டினா லெதர் உங்களுக்கு நிஜமாவே தேவையாங்கிறதும் தெரிஞ்சுடும். நிறைய பேருக்கு ஆறாவது மாசமே ஆசை தீர்ந்து, அந்த ஆர்டி டயர் மாத்தப் போகும். அதுவும் நல்ல செலவுதான்.

செகண்ட் ஹேண்ட் லெதரை நான் தயங்காம சொல்வேன். மூணு தடவை மூணாறு போயிட்டு விக்கிறவங்க நிறைய. நல்ல மாட்டுத்தோலுக்கு அஞ்சு வருஷம் ஒரு வயசே இல்ல. நேர்ல பாருங்க: முழங்கையில உரசின அடையாளம், அக்குள் தையல், ஜிப். ஒரு தடவை விழுந்து எழுந்த ஜாக்கெட்னா அரை விலைக்கு வந்தாலும் வேண்டாம். ஆர்மரை மட்டும் புதுசா லெவல் 2 வாங்கி மாத்திக்கோங்க. வாங்கினதும் பிளாஸ்டிக் கவரை உருவி எறிஞ்சுட்டு, அகலமான ஹேங்கர்ல, பழைய காட்டன் வேட்டியால மூடி, காத்து வர்ற ரூம்ல தொங்க விடுங்க. ஜூன்ல ஒரு தடவை, அக்டோபர்ல ஒரு தடவை ஈரத் துணியால துடைச்சு, நிழல்ல காய வெச்சு, லெதர் கண்டிஷனர் தடவிடுங்க. தேங்காயெண்ணெய் தடவலாமான்னு யாராவது கேப்பீங்க. நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் அதுதான். ஜாக்கெட்டுக்கு மட்டும் வேண்டாம், பிசுக்கு பிடிச்சு தூசி ஒட்டும், நாளாக ஆக நாத்தமும் அடிக்கும்.